இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்

என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த இடம் தீர்ந்துபோனதால்தான் நான் அம்பத்தூருக்கு வர நேர்ந்தது. ஊர் ஞாபகம் வாட்டியது, ஓடி வந்தேன் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். என்ன செய்ய, வாட்டவில்லை. எட்டு வருஷமாக ஒன்பது கிலோ பையைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றுகிறவள் நான். ஒரு விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் என் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டி, கடைசியில் கோபத்தோடு பழைய முத்திரையின் தலையிலேயே புதியதைக் குத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். உங்கள் போனில் ‘உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது’, ‘மன்னிக்கவும், ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்றெல்லாம் தமிழில் வருகிறதல்லவா? அதில் பாதி நான் எழுதியது. ஒரு லேப்டாப்பும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் மன்னிப்புக் கேட்கலாம். லிஸ்பனில் மூன்று மாதம், வியட்நாமின் டா நாங்கில் நான்கு மாதம் என்று அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே வந்தால் எனக்கு எப்போதும் கை நின்றுவிடும். நான் வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். எங்களுக்கு இந்தப் பக்கம் கோயமுத்தூர்க்காரர்கள், அந்தப் பக்கம் கும்பகோணத்துக்காரர்கள். அப்பா ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டார். எனக்குத் தெரிந்து ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளப்பட்ட குழந்தைப் பருவம் என்னுடையது ஒன்றுதான். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணன் இருக்கிறான், அவன் முகவரி வருஷத்துக்கு ஒன்று.

ஆகவே அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். வீட்டுக்காரர் தயாளன் சார் நசரத்பேட்டையில் மகனோடு இருக்கிறார். முகவரிக்கான காகிதங்களைச் சரிசெய்துகொடுத்த பிரவுசிங் சென்டர்க்காரர் கடைசியில் ஒன்று சொன்னார்.

“ஸ்டேஷன்லேர்ந்து வெரிஃபிகேஷனுக்கு வருவாங்க மேடம். அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் உங்களத் தெரியும்னு சொன்னாப் போதும். சும்மா ஒரு கையெழுத்து.”

அவருக்கு அது சும்மா. எனக்கு அன்றைக்கு ராத்திரி பூராவும் அதே கணக்குதான். இருபது நாட்டுக் குடியேற்ற அதிகாரிகளுக்கு என் மூஞ்சி தெரியும். மேனாம்பேட்டில் இரண்டு பேருக்குத் தெரியவேண்டுமாம். தெரியாது என்று அறிக்கை போய்விட்டால் புத்தகம் வராது. புத்தகம் வராவிட்டால் நான் எங்கும் போகமுடியாது, இருந்தே தீரவேண்டும். இருக்கத் தெரியாதவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை ஏது?

இரண்டாம் நாள் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோவுக்கு வரிசையில் நின்றேன். டோக்கியோவின் பூமிக்கடி ரயிலில் ஒரு தடவைகூட வழி தவறாதவள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. வரிசை நகரவே இல்லை. திரும்பிப் பார்த்தேன், வரிசையில் இருந்தது நான் மட்டும்தான். நான்கு ஆட்டோ நிரம்பிப் போயிருந்தது. ஐந்தாவது ஆட்டோவிலிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் தலையை நீட்டினார்.

“இன்னாமா, யாருக்குனா வெய்ட்டிங்கா?”

“இல்லைங்க, ஆட்டோவுக்கு.”

“அப்ப ஏறும்மா. இது இன்னா கப்பலா, ஏணி போட்டாதான் ஏறுவியா?”

ஏறினேன். உள்ளே ஏற்கெனவே நான்கு பேர், இரண்டு முருங்கைக்கீரைக் கட்டு, ஒரு சீலிங் ஃபேன். “கொஞ்சம் நவுந்து குந்துங்கபா” என்றார் அவர். யாரும் நகர்ந்ததாகத் தெரியவில்லை, ஆனால் இடம் வந்தது. எல்லாரும் இறங்கியபின் நான் சொல்லாமலேயே என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

“மாடி ஊடு தானே? நம்முது எதிர் ஊடு” என்றார். அவர்தான் ஏகாம்பரம்.

அவருடைய மனைவி சரளாக்காவை அன்று மாலையே சந்தித்தேன். சந்தித்தேன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது, உண்மையில் என்னைச் சோதனை போட்டார். சரளாக்கா அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். நாள் பூராவும் சட்டையைத் தூக்கிப் பார்த்து நூல் பிரிந்திருக்கிறதா, பட்டன் தொங்குகிறதா என்று பார்க்கிற வேலை. வேலை முடிந்து வந்தாலும் கண் வேலையை நிறுத்துவதில்லை.

“இந்தா பொண்ணே, உன் ஊட்டுக் கொடில நாலு துணிதான் காயுது. மீதி எங்க?”

“அவ்வளவுதான்க்கா, நாலு செட்டுதான்.”

“நாலா! கல்யாணம் ஆச்சா?”

“ஆச்சு. முடிஞ்சும் போச்சு.”

ஒரு நொடி என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கே நூல் பிரிந்திருக்கிறது என்று பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.

“சரி வுடு. வடகறி கீது, இட்லிக்கு ஊத்திக்கிறியா?”

அந்த வடகறியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நாக்கு மன்னிக்காது. உடைத்த பருப்பு வடை மசாலாவில் ஊறி, நாலு சோம்பு அங்கங்கே கடிபட, ஆறு இட்லி எங்கே போனது என்றே தெரியவில்லை. ஏழாவதை அவரே போட்டுவிட்டார்.

ஒரு வாரத்துக்குள் தெருவுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது. ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருப்பேன், டீக்குச் சர்க்கரை கிடையாது, கம்ப்யூட்டரைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பேன், குடம் தூக்கத் தெரியாது. பெயரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் ‘மாடி ஊடு’. “மாடி ஊடு இன்னிக்கு கதவே தொறக்கல, ஜொரமா இன்னான்னு பாரு” என்று கீழே பேசிக்கொள்வது மேலே கேட்கும்.

லிஸ்பனில் எங்களைப் போன்ற நாடோடிகளுக்கு என்றே செவ்வாய்தோறும் கூட்டு விருந்து நடக்கும். வாசலிலேயே பெயர் எழுதிய ஸ்டிக்கரை நெஞ்சில் ஒட்டிவிடுவார்கள். ‘நாம் எல்லாரும் ஒரு குடும்பம்’ என்று சுவரில் விளக்குப் போட்டு எழுதியிருக்கும். ஒரு தடவை காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்துக் கிடந்தேன். ஆறாம் நாள் அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு செய்தி வந்தது, விருந்துக்கு வராததற்குக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி. அங்கே பெயர் தெரியும், வேறொன்றும் தெரியாது. இங்கே பெயரைத் தவிர எல்லாம் தெரியும்.

நடுவில் ஒரு நாள் ஆவடி குவார்ட்டர்ஸைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். சேக்காடு பக்கம் சுற்றிக்கொண்டு போனால் அப்பா சைக்கிள் மிதித்த சாலை அப்படியே இருந்தது. கேட்டில் இருந்த காவலாளி மரியாதையாகத்தான் கேட்டார்.

“யாரைம்மா பார்க்கணும்?”

ஒரு பெயர் சொன்னால் நோட்டில் எழுதி உள்ளே விட்டுவிடுவார். என்னிடம் ஒரு பெயர் இல்லை. நின்றேன், யோசித்தேன், “தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. பக்கத்திலிருந்த அம்மாள், “ஜன்னல சாத்திக்கம்மா, தூசி” என்றார். சாத்திக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. அம்பத்தூரில் ஆடி ஞாயிறு என்றால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு. கூழைக் கோயிலில் காய்ச்சமாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் காய்ச்சி, தலையில் தூக்கிக்கொண்டு வந்து, கோயில் வாசலில் இருக்கும் ஒரே பெரிய அண்டாவில் கொட்டவேண்டும். எல்லா வீட்டுக் கூழும் கலந்தபின்தான் அம்மனுக்கே படைப்பார்கள்.

“மாடி ஊடும் ஊத்தணும்” என்றார் சரளாக்கா. கேட்கவில்லை, அறிவித்தார்.

“என்கிட்ட பாத்திரமே இல்லக்கா. ஒரு சின்னக் குக்கர்தான் இருக்கு.”

“குக்கர்ல கூழா? ஆத்தா கோச்சிக்கும். தோ, என் மாமியா குண்டான் கீது, எடுத்துக்க.”

அலுமினியக் குண்டான். கழுத்தைச் சுற்றி ‘மு. பச்சையம்மாள்’ என்று பெயர் வெட்டியிருந்தது. கோயில் வாசலில் நாற்பது குண்டான் ஒன்றுபோலவே நிற்கும், பெயர் இல்லாவிட்டால் யார் பாத்திரம் யார் வீட்டுக்குப் போகும் என்று ஆத்தாளுக்கே தெரியாது. அதனால் இந்தத் தெருவில் ஒரு வீடு குடிவந்தது என்பதே குண்டானில் பெயர் வெட்டிய பிறகுதான் என்றார் ஏகாம்பரம். அவர் விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகவா என்று தெரியவில்லை.

கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்தேன். காலையில் நொய் வெந்ததும் மாவை ஊற்றிக் கிண்டவேண்டும். கையை நிறுத்தாமல் கிண்டு என்று சரளாக்கா மூன்று தடவை சொல்லியிருந்தார். நடுவில் ஒரு செயலி நிறுவனத்திலிருந்து அவசரமாக ஒரு மன்னிப்பு எழுதிக் கேட்டார்கள். ஒரே ஒரு வரிதான், தட்டிவிட்டு வந்து பார்த்தால் குண்டான் முழுக்கக் கட்டி. சரளாக்கா கரண்டியால் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா பொண்ணே இது? கோலி ஆடலாம் போலகீதே!”

“கொட்டவேண்டாம்க்கா. விட்டுருங்க.”

“ஏன், கம்பெனியா இது, ரிஜெக்ட் பண்றதுக்கு? தூக்கு தலையில.”

தூக்கினேன். குடமே தூக்கத் தெரியாதவள் தலையில் குண்டான். தெரு முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. அண்டாவருகே பிபின் இருந்தான். கீழ் வீட்டில் இருக்கும் ஒடிசாக்காரர்கள் நான்கு பேரில் ஒருவன், முப்பது வயது, எஸ்டேட்டில் லேத் வேலை. இரண்டு வருஷத்தில் தமிழை மேனாம்பேட்டுத் தமிழாகவே கற்றுக்கொண்டவன். “அக்கா, உசாரு, சூடு கீது!” என்று கத்திக்கொண்டே குண்டானை வாங்கிக் கவிழ்த்தான். தொப் தொப்பென்று விழுந்தது. பிறகு துடுப்பால் கிண்டினார்கள், யார் கூழ் எது என்று தெரியாமல் போய்விட்டது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மாங்காய், வெங்காயம், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல் எல்லாம் வரிசையாக வந்தன. நல்ல வெயில். ஆறிய கூழ் தொண்டையில் இறங்கியபோது உடம்பே குளிர்ந்தது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் வாயிலிருந்து கோலி அளவு உருண்டை ஒன்றை எடுத்துப் பார்த்து, “இது யார் ஊட்டுதுபா?” என்றார்.

“மாடி ஊடு!” என்றது தெரு, ஒரே குரலில்.

பிபின் ஒதுங்கி நின்று ஊருக்கு போனில் பேசிக்கொண்டிருந்தான். என்ன பேசினாய் என்று கேட்டதற்குத் தமிழில் திருப்பிச் சொன்னான். ‘இங்க அம்மனுக்குத் திருவிழா. நம்ம ஊர்ப் பழைய சோறு மாதிரியே புளிப்பா ஒண்ணு. மீன்கூடத் தர்றாங்க. மேல ஒரு அக்கா இருக்கு, பாவம், சமைக்கவே தெரியாது. ஆனா நல்ல அக்கா.’ ஒடிசாவில் ஒரு கிராமம் வரைக்கும் என் சமையல் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது, கூடவே உறுத்தலாகவும் இருந்தது. கையெழுத்து விஷயத்தை நான் சரளாக்காவிடம் இதுவரை சொல்லவே இல்லை. முதல் வாரம் கேட்டால், நீ யாருடி என்பார் என்று பயந்தேன். பிறகு கேட்டிருக்கலாம். ஆனால் இதற்காகத்தானா வந்து வந்து பேசினாய் என்று நினைத்துவிட்டால்? உண்மையைச் சொல்லவேண்டுமானால், முதல் வாரம் அதற்காகத்தான் பேசினேன். எந்த நாளிலிருந்து அதற்காக இல்லாமல் பேச ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

செவ்வாய்க்கிழமை, கரண்ட் இல்லாமல் எஸ்டேட்டுக்கு விடுமுறையான அன்று, வாடகை ஒப்பந்தத்தின் பிரதியில் தயாளன் சாரின் கையெழுத்து வாங்க நசரத்பேட்டைக்குக் கிளம்பினேன். பூந்தமல்லி வரைக்கும் சரியாகத்தான் போனேன். அங்கே காலியாக ஒரு பஸ் வந்தது. காலியாக இருக்கிறதே என்று ஏறினேன், ஏன் காலியாக இருக்கிறது என்று யோசிக்கவில்லை. நசரத்பேட்டை என் கண்ணெதிரே ஜன்னலில் ஓடியது. “இது நிக்காதும்மா, எக்ஸ்பிரஸ்” என்றார் கண்டக்டர். செம்பரம்பாக்கத்தில் இறக்கிவிட்டார். வெயிலில் எதிர்ப்பக்கம் கடந்து, இன்னொரு பஸ் பிடித்து, தயாளன் சார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. அவர் கையெழுத்தும் போட்டு, வற்புறுத்தி மோர்க்குழம்பும் போட்டார். லாரி இரைச்சலில் போன் அடித்ததே எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போதுதான் பார்த்தேன், தெரியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்பு. ஏதாவது லோன் விற்பவராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நாலு மணிக்குத் தெருவில் நுழைந்தால் ஒரு ஆள் இல்லை. என் கொடியில் துணி இல்லை. மாடிப் படிக்கட்டில் இருந்த என் செருப்பு இல்லை. எதிர்வீட்டுக் கதவு விரலளவு திறந்து, ஒரு கை வந்து என்னை உள்ளே இழுத்தது.

“கம்னு இரு. வெளிய தல காட்டாத” என்றார் சரளாக்கா. உள்ளே ஏகாம்பரமும் பிபினும் உட்கார்ந்திருந்தார்கள். என் துணிகள் மடித்துக் கட்டிலில் இருந்தன.

“என்னக்கா ஆச்சு?”

“போலீசு வந்துச்சி. மப்டில. உன் போட்டோவ போன்ல காட்டி, கஸ்தூரின்னு இங்க யாரு கீறாங்கன்னு கேக்குறான். போலீஸ்காரன் சொல்லித்தான் உன் பேரே எனுக்குத் தெரியும், போ! இந்த மூஞ்ச நான் பார்த்ததே இல்ல சார்னுட்டேன்.”

“மாடி ஊடு பூட்டி ரெண்டு வருசம் ஆவுதுன்னு நானும் சொல்ட்டேன்” என்றார் ஏகாம்பரம், பெருமையாக.

“நான் தமில் தெரியாது சார்னு இந்தில சொல்ட்டேன் அக்கா” என்றான் பிபின், அட்சர சுத்தமான மேனாம்பேட்டுத் தமிழில்.

“அவன் போன் பண்ணிக்கினே வாசல்ல நின்னான். அதுக்குள்ள பின்னால ஏறி உன் துணியெல்லாம் உருவிட்டேன்” என்றார் சரளாக்கா. “உன் பழைய புருஷன்தான் எதுனா கம்ப்ளெய்ன்ட்டு குட்த்துகீறான்னு நெனச்சோம். நீ பயப்படாத. இங்கயே இரு. எவன் வந்தாலும் எங்குளுக்குத் தெரியாது.”

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று சொல்லமுடியாது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்போர்ட், விசாரணை, இரண்டு பேர் தெரியும் என்று சொல்லவேண்டியது, தெரியாது என்றால் எல்லாம் முடிந்துவிடும் என்பது. கடைசியில், “உங்ககிட்ட வந்து பேசினதே முதல்ல அதுக்குத்தான்க்கா” என்பதையும் சொல்லிவிட்டேன். சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சரளாக்கா மடித்த துணியை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“ஒரு கையெய்த்துக்கா?” என்றார் சரளாக்கா. “அதுக்கா அந்தக் கூழு? அடிப்பாவி, மொத நாளே கேட்டிருந்தா போட்டிருப்பேனே! தெரு பூரா பல்லு தப்பிச்சிருக்கும்!”

ஏகாம்பரம் ஏற்கெனவே சாவியை எடுத்துவிட்டார். “ஏறுங்க. ஸ்டேஷனுக்கு” என்றார்.

ஷேர் ஆட்டோவில் நாங்கள் நால்வர்தான் கிளம்பினோம். தெருமுனை தாண்டுவதற்குள் ஒன்பது பேர் ஆகிவிட்டோம். காலையில் தெரியாது என்று சொன்ன அத்தனை பேரும் தெரியும் என்று சொல்ல ஏறிக்கொண்டார்கள், கோலியைக் கடித்த பெரியவர் உள்பட. ஸ்டேஷனில், தெருவுக்கு வந்துபோன ஏட்டு மேசையில் டீயை வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியோடு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் டீயைத் தள்ளி வைத்தார்.

“அடடே. காலைல பார்த்தப்ப ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப என்ன, கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருக்கீங்க?”

“அது போன வாட்டி, சார். இப்ப தெரியும்” என்றார் சரளாக்கா.

“அறிக்கை அனுப்பிட்டீங்களா சார்?” என்று கேட்டேன்.

“அனுப்பத்தாம்மா உக்காந்திருக்கேன். டீ சூடா இருந்துச்சு, ஆறட்டும்னு விட்டேன்.”

அந்த டீயை நான் கும்பிட்டேன்.

“மன்ச்சிக்கோ சார், தப்பாயிட்ச்சி” என்றான் பிபின்.

ஏட்டு கண்ணாடியைக் கழற்றினார். “உனக்குத் தமிழ் தெரியாதே தம்பி?”

“இப்பதான் கத்துக்கினேன் சார், வர்ற வய்யில.”

ஏட்டு சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பிறகு சரளாக்காவிடம் திரும்பி, கொஞ்சம் கடுமையாகவே கேட்டார். “விசாரணைக்கு வந்தவன்கிட்ட பொய் சொல்றது தப்புன்னு தெரியாதாம்மா?”

“தெரியும் சார். நீ எதுக்கு வந்தன்னு சொல்லல. அப்டி வந்து கேட்டாக்கா, எங்க பொண்ண நாங்க எப்டி சார் காட்டிக் குடுப்போம்?”

“உங்க பொண்ணா? எவ்வளவு நாளாத் தெரியும்?”

சரளாக்கா பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவருக்கு அது ஒன்றும் புதிதல்ல. “ரெண்டு மாசம், சார்” என்றார்.

“ரெண்டு மாசத்துல என்ன தெரியும் இவங்களப் பத்தி?”

“ஒம்போது மணிக்கு எந்திரிக்கும். டீக்கு சக்கர கெடியாது. நாலு செட்டு துணி, அதுல நீலத்துக்கு அக்குள்ள தையல் வுட்டுகீது, இன்னும் தைக்கல. ராத்திரில போன் வந்தா இங்கிலீஷ்ல பேசும், பேசிட்டு கொஞ்ச நேரம் மொட்ட மாடில நடக்கும். புருஷன் கெடியாது, அப்பா அம்மா கெடியாது. கூழு காய்ச்சத் தெரியாது. தெரியலன்னாலும் தல மேல தூக்கிகினு வந்து ஊத்துச்சி. இன்னும் இன்னா சார் தெரியணும்?”

ஏட்டு என்னைப் பார்த்தார். “உங்களைப் பத்தி இவ்வளவு உங்களுக்கே தெரியாது போலிருக்கேம்மா” என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை முறையாக வீட்டுக்கே வந்து பார்த்தார். கையெழுத்துக்குத்தான் அடிதடி. இரண்டு பேர் போதும், ஏழு பேர் அடையாள அட்டையோடு நின்றார்கள். கடைசியில் சரளாக்காவும் ஏகாம்பரமும் போட்டார்கள். பிபினின் அட்டையில் ஒடிசா முகவரி என்பதால் அவன் போடமுடியாது என்று ஏட்டு சொன்னபோது அவன் முகம் சுருங்கிவிட்டது. “எனுக்கும் தெரியும் சார்” என்றான். “நீ பாஸ்போர்ட்டு எடுக்கும்போது உனுக்கு நான் போடறேன்டா” என்றார் சரளாக்கா. “மொதல்ல போன மாசம் வாங்கிகினு போன என் பக்கெட்ட திருப்பிக் குடு.”

இரண்டு வாரத்தில் புத்தகம் வந்தது. புதுப் பக்கங்கள், ஒரு முத்திரைகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் மேனாம்பேடு. பயண நாள் நெருங்கியது, என் பை ஒன்பது கிலோவுக்குள் கச்சிதமாக மூடிக்கொண்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் அம்பத்தூரில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று அப்போது கேட்டிருந்தால் சும்மா என்றுதான் சொல்லியிருப்பேன். பெரிய குண்டான் ஒன்றை எடுத்தேன். அது மட்டுமே என் பையைவிடப் பெரிது.

“பேர் வெட்டணுமா?” என்றார் கடைக்காரர்.

“வெட்டணும். கஸ்தூரி. பக்கத்துல, மாடி வீடு.”

கருவி கிர்ரென்று ஓட, அலுமினியத் தூள் பறந்தது. என் பெயரை நான் இதுவரை காகிதத்திலும் திரையிலும்தான் பார்த்திருக்கிறேன்.

சரளாக்கா குண்டானை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடி கொஞ்சம் கோணகீது. வாய்ல சொட்ட. எவ்ளோக்கு ஏமாந்த?” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், தன் வீட்டுப் பரணில் மாமியார் குண்டானுக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து வைத்தார். “ஆடிக்கு வந்துடு. வர்லன்னா கண்டி நான் இத்த மீன் கழுவ எடுத்துப்பேன்.”

இப்போது மாசி. நான் ஜார்ஜியாவின் திபிலீசியில் இருக்கிறேன். இங்கேயும் செவ்வாய்க்கிழமை விருந்து உண்டு, ஸ்டிக்கரும் உண்டு. போன வாரம் காலையில் ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், இந்தத் தடவை எனக்கு முன்னும் பின்னும் ஆள் இருந்தார்கள். சரளாக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் குக்கர் சத்தம், ஏகாம்பரத்தின் இருமல்.

“ஏ பொண்ணே, பக்கத்து தெருல காது குத்து. பெரிய குண்டான் கேட்டாங்க, உன்னுத எடுத்துக் குட்த்தேன். கோச்சிக்காத. அந்தம்மா பேர படிச்சிட்டு, இது யாரு கஸ்தூரி, உங்க தெருல இப்டி யாரும் இல்லியேன்னு கேக்குது. எனுக்கு வந்துச்சி பாரு கோவம்! ஏன் இல்ல, எங்க மாடி ஊட்டுப் பொண்ணு, கடைக்குப் போயிகீது, வந்துரும்னு சொன்னேன்.”

சரளாக்கா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் கடைக்குத்தான் வந்திருந்தேன். கடைதான் கொஞ்சம் தூரம்.